விஎஃப்எக்ஸ் வேலைக்கு நியூக்கா, பிளெண்டரா? பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கேள்வி

கல்லிடைத் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. பாளையங்கோட்டையில் விஸ்காம் முடித்து எட்டு மாதம் ஆகிறது. இப்போதைக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து கொஞ்சம் சம்பாதிக்கிறேன். மனசு முழுக்க விஎஃப்எக்ஸ், அதாவது படங்களுக்குக் கம்ப்யூட்டரில் செய்யும் காட்சி வேலை மேலேதான்.

வண்ணார்பேட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தேன். ஓராண்டுப் படிப்பு, ஒன்றே கால் லட்சம் ரூபாய். மாயா, மேக்ஸ், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர், நியூக், ஹூடினி என்று இந்த வேலைக்கான சாப்ட்வேர் எல்லாம் சொல்லித் தருவார்களாம். முடித்ததும் வேலை உறுதி என்கிறார்கள். அப்பாவிடம் அறுவடை முடிந்தால்தான் காசு. அம்மா வளையலை அடகு வைக்கலாம் என்கிறாள். எனக்கு அதில் சம்மதமில்லை, வேறு வழியும் தெரியவில்லை.

வேலை விளம்பரங்களைப் பார்த்தால் ஒன்றில் சில்லவுட், ஒன்றில் த்ரீடி ஈக்வலைசர், இன்னொன்றில் நியூக், பைத்தான் நிரல்மொழி. கூடப் படித்தவன் ஒருவன் பிளெண்டர் என்ற முப்பரிமாண சாப்ட்வேர் இலவசம், அது போதும் என்கிறான். என்னிடம் இருப்பது 16 ஜிபி ராம் உள்ள சாதாரணக் கம்ப்யூட்டர். எந்த சாப்ட்வேரைப் படித்தால் வேலை கிடைக்கும்?

வடபழனி நெல்லையன்:

தம்பி, நான் மேலப்பாளையத்துக்காரன். சென்னையில் காம்பாசிட்டிங், அதாவது தனித்தனியாக வரும் படங்களை ஒரே காட்சியாக ஒட்டும் வேலை செய்கிறேன். நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. எந்தத் துறைக்குப் போகப் போகிறாய்? உருவத்தை ஓரம் வரைந்து பிரிக்கும் ரோட்டோவா, வேண்டாததை அழிக்கும் பெயின்ட்டா, கேமரா அசைவைக் கணக்கிடும் மேட்ச்மூவா, தீ, புகை செய்யும் எஃப்எக்ஸா, லைட்டிங்கா, காம்பாசிட்டிங் என்ற காம்பா? அதைச் சொன்னால் சாப்ட்வேர் தானாக வந்துவிடும். ஆறு சாப்ட்வேரை ஒரே ஆண்டில் சொல்லித் தருகிறோம் என்பவர்கள் ஆறு கடலில் காலை நனைத்துக் கூட்டி வருவார்கள். ஒன்றிலும் நீந்தத் தெரியாது.

என் கதையைச் சொல்கிறேன். 2008இல் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிப் போய் எழும்பூரில் இறங்கி, கடன் வாங்கி ஷேக் என்ற சாப்ட்வேரைப் படித்தேன். அப்போது காம்பாசிட்டிங் என்றாலே ஷேக்தான். 2002இல் அதைச் செய்த நத்திங் ரியல் என்ற கம்பெனியை வாங்கி ஆப்பிள் ஷேக்கைத் தன்னுடையதாக்கியது. 2006இல் விலையை 499 டாலருக்கு இறக்கினார்கள். 2009இல் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கடன் பாதி அடைந்திருந்தது.

என்னோடு தங்கியிருந்தவர் சாஃப்ட்இமேஜ் என்ற முப்பரிமாண சாப்ட்வேரில் கெட்டிக்காரர். அதை 2008இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2014 மார்ச்சில், 2015 பதிப்பே கடைசி என்று அறிவித்தார்கள். அவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

ஆனால் எங்கள் இருவருக்கும் வேலை போகவில்லை. ஷேக்கில் பிரிமல்ட், அன்பிரிமல்ட், கிரெயின் சேர்ப்பது, பிளாக் லெவல் பொருத்துவது என்று ஒட்டும் நுணுக்கமாகக் கற்றது அத்தனையும் இன்றைய காம்பாசிட்டிங் சாப்ட்வேரான நியூக்குக்கு அப்படியே வந்தது. பட்டன் இருக்கும் இடத்தைப் பழக எனக்கு மூன்று வாரம் ஆனது, அவ்வளவுதான்.

தென்காசிச் சாரல்:

கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். பிளெண்டர், எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ். இரண்டும் இருந்தால் போதும், ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

நான் தென்காசியில் இருந்துகொண்டே நகைக்கடை விளம்பரம், ஜவுளிக்கடை விளம்பரம், கோயில் கோபுரத்தை முப்பரிமாணத்தில் காட்டும் வேலை எல்லாம் செய்கிறேன். நாலு வருஷமாகக் குடும்பம் இதில்தான் நடக்கிறது. சென்னைக்குப் போய் வடபழனியில் ஒரு அறைக்குள் ஆறு பேர் படுக்க வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

பிளெண்டரின் கதை தெரியுமா? அதை நடத்திய கம்பெனி மூடியபோது, 2002இல் அதை உருவாக்கிய டான் ரோசன்டால் மக்களிடம் ஒரு லட்சம் யூரோ கேட்டார். ஏழே வாரத்தில் திரண்டது. அந்தப் பணத்தால் அதன் நிரல் எல்லோருக்கும் பொதுவானது, அன்றிலிருந்து அதை யாரும் விலைக்கு வாங்கி மூட முடியாது. அண்ணாச்சி சொன்ன ஷேக்குக்கு நடந்தது இதற்கு நடக்காது. 2019இல் 2.80 பதிப்பு வந்த பிறகு முகமே மாறிவிட்டது. லாட்வியாவிலிருந்து பிளெண்டரில் செய்த 'ஃப்ளோ' 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. இன்னும் என்ன சாட்சி வேண்டும்? அம்மா வளையலைத் தொடாதே தம்பி.

வள்ளியூர் பைப்லைன்:

கடைசி வரியில் நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன். மற்றதில் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நான் ஹைதராபாத்தில் பைப்லைன் டிடி. ஆர்ட்டிஸ்டுகள் பயன்படுத்தும் கருவிகளை எழுதுவதும் அவை உடைந்தால் சரிசெய்வதும் என் வேலை.

பெரிய ஸ்டூடியோ ஏன் சாப்ட்வேரை எளிதில் மாற்றுவதில்லை என்பதை வெளியில் இருப்பவர்கள் லைசன்ஸ் விலையை வைத்தே யோசிக்கிறார்கள். எங்களிடம் ஒரு காம்ப் ஆர்ட்டிஸ்ட் நியூக்கைத் திறந்து ஷாட் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் கேமராவில் எடுத்த அசல் படமான பிளேட், மேட்ச்மூவ் கேமரா, லென்ஸ் டிஸ்டார்ஷன், அந்தப் படத்துக்கான கலர் அமைப்பு, நேற்று லைட்டிங்கிலிருந்து வந்த ரெண்டர் எல்லாம் தானாக வந்து உட்காரும். அதற்குப் பின்னால் பத்து வருஷப் பைத்தான் கோடு இருக்கிறது. ஸ்டூடியோக்கள் பின்பற்றும் பொதுப் பட்டியலான விஎஃப்எக்ஸ் ரெஃபரன்ஸ் பிளாட்ஃபார்ம் 2020இல் பைத்தான் 3க்கு மாறியது. நியூக் 13 வந்து நாங்கள் உண்மையில் மாறி முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. அதே மொழியின் அடுத்த பதிப்புக்கே அந்தப் பாடு. சாப்ட்வேரையே மாற்றுவது என்றால் ஓடுகிற தேருக்கு வடம் மாற்றுகிற மாதிரி.

அப்புறம் ஆள் எடுப்பது. ஒரு படம் உச்சத்தில் இருக்கும்போது ஒரே மாதத்தில் முப்பது காம்பாசிட்டர் வேண்டும் என்பார்கள். நியூக் தெரிந்த முப்பது பேரைத் தேடிப் பிடிக்கலாம். இன்னொரு காம்பாசிட்டிங் சாப்ட்வேரான ஃப்யூஷன் தெரிந்த முப்பது பேருக்கு எங்கே போவது? 1993இல் டிஜிட்டல் டொமைன் ஸ்டூடியோ தன் சொந்தத் தேவைக்கு எழுதிய நியூக், 2007இல் ஃபவுண்டரி என்ற கம்பெனி கைக்குப் போய் இன்று எல்லா இடத்திலும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆள் கிடைக்கிறார்கள் என்று ஸ்டூடியோ வாங்குகிறது, ஸ்டூடியோ வாங்குகிறது என்று ஆட்கள் படிக்கிறார்கள்.

'ஃப்ளோ' பற்றி ஒரு வார்த்தை. சின்னக் குழு, முழு அனிமேஷன். கேமராவில் எடுத்த பிளேட் கிடையாது, நாலு ஸ்டூடியோவுக்குள் ஷாட்டைக் கைமாற்றும் தேவை கிடையாது. பிளெண்டரின் வலிமைக்கு அது சாட்சிதான். விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோவில் நாளைக்குக் காலியாகும் நாற்காலிக்கு அது சாட்சி ஆகாது.

தென்காசிச் சாரல்:

நீர் சொல்வது சரிதான் வே, ஆனால் உம்முடைய உலகம் மட்டும்தான் உலகமா? தம்பி எங்கே வேலை செய்ய ஆசைப்படுகிறான் என்று யாருமே கேட்கவில்லை. அவன் அம்மா அப்பா பக்கத்தில் இருந்துகொண்டு மாதம் இருபத்தைந்தாயிரம் பார்த்தால் போதும் என்றால் பிளெண்டர் போதும். என் வாடிக்கையாளர் ஒருத்தர்கூட எந்த சாப்ட்வேரில் செய்தீர்கள் என்று கேட்டதில்லை. ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் முடியுமா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

வள்ளியூர் பைப்லைன்:

உண்மை. அந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்க வேண்டும். சாப்ட்வேர்களுக்கு நடுவில் இருந்த சுவர் முன்பு போல இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் ஐஎல்எம் ஸ்டூடியோ ஓபன்இஎக்ஸ்ஆர் என்ற படக் கோப்பு வடிவத்தை வெளியில் விட்டது. முப்பரிமாணக் காட்சிகளுக்கு 2011இல் அலம்பிக், 2016இல் பிக்சாரின் யூஎஸ்டி. ஒரு சாப்ட்வேரில் செய்ததை இன்னொன்றில் திறக்க இவைதான் வழி. பிளெண்டரில் மாடலிங் செய்து கொண்டுவந்த பையனை நாங்களே எடுத்திருக்கிறோம். மாடலிங், கான்செப்ட் பக்கம் அது நடக்கிறது. காம்ப், மேட்ச்மூவ் பக்கம் இன்னும் நடக்கவில்லை.

பெருமாள்புரம் அக்கா:

நான் பெருமாள்புரத்தில் எட்டு இருக்கை வைத்து ரோட்டோ, பெயின்ட் யூனிட் நடத்துகிறேன். சென்னையில் ஒன்பது வருஷம் பிரெப், அதாவது காம்புக்கு முந்தைய தயாரிப்புத் துறையில் இருந்துவிட்டு, பிள்ளை பிறந்தபின் ஊருக்கு வந்து ஆரம்பித்தது. தமிழ், தெலுங்கு, மலையாளப் படங்கள், வெப் தொடர்கள் வரும். ஆள் எடுப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டு நிமிஷ ஷோரீல், அதாவது செய்த வேலையின் மாதிரித் தொகுப்பு கொண்டுவருவார்கள். வெடி, தீ, பறக்கும் கார், பின்னால் பாட்டு. பயிற்சி மையத்தில் ஒரே பாடத்தை இருபது பேர் செய்ததால் இருபது ரீலிலும் அதே கார் பறக்கும். நான் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக வைப்பேன். ஒரு டெஸ்ட் ஷாட் கொடுப்பேன். 80 ஃபிரேம். தாவணி கட்டிய பெண் ஒருத்தி காற்றில் முடி பறக்க, திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடக்கிறாள். கையில் தூக்குச்சட்டி. இரண்டு நாள் நேரம். நியூக்கில் செய்தாலும் சரி, சில்லவுட்டில் செய்தாலும் சரி, மோக்காவில் செய்தாலும் சரி.

என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன், ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. முதலில் ஷேப்பை, அதாவது உருவத்தைச் சுற்றி வரைந்த கோட்டைத் திறந்து பார்ப்பேன். முழு உடம்புக்கும் ஒரே ஷேப் போட்டவர்களுக்கு அங்கேயே முடிந்தது. தலை, கழுத்து, மேல்கை, முன்கை, உள்ளங்கை, ஒவ்வொரு விரல் என்று பிரித்திருக்க வேண்டும். எலும்பு எங்கே மடங்குகிறதோ அங்கே ஷேப் பிரிய வேண்டும். அடுத்தது கீ ஃபிரேம், கோட்டைக் கையால் நகர்த்திப் பதியும் ஃபிரேம். ஃபிரேமுக்கு ஃபிரேம் கீ போட்டிருந்தால் விளிம்பு கொதிப்பது போல நடுங்கும். நடையில் கால் ஊன்றும் இடம், தூக்கும் இடம், திரும்பும் இடம் என்று அசைவின் எல்லைகளில் முதலில் போட்டு, பிறகு நடுவில், பிறகு அதற்கும் நடுவில். அப்படிச் செய்தவருடைய டைம்லைனைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிறகு ஆல்ஃபாவை மட்டும் வைத்து ஓட விடுவேன். கறுப்பில் வெள்ளை உருவம். படம் இல்லாமல் அந்த உருவத்தை மட்டும் பார்த்தால் ஒரு பெண் நடப்பது போல இருக்க வேண்டும். பல பேருடையதில் துணி மூட்டை உருண்டு போவது போல இருக்கும். மோஷன் பிளர் பிளேட்டில் உள்ள அளவுக்கே இருக்கிறதா, தூக்குச்சட்டியின் கைப்பிடிக்குள் தெரியும் ஓட்டையை விட்டுவிட்டார்களா, முடியைக் கத்தரித்தது போல வெட்டிவிட்டார்களா என்று பார்ப்பேன். முடியை முழுசாக யாரும் புதிதாக வந்த அன்றே செய்ய மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் "இந்த இடத்தில் எனக்கு வரவில்லை, ஏன் வரவில்லை" என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தால் அந்தப் பிள்ளையை எடுத்துவிடுவேன். போன வருஷம் எடுத்த இரண்டு பேருமே அப்படி வந்தவர்கள்தான். ஒருத்தி பி.காம்.

சுரண்டைக்காரன்:

பயிற்சி மையம் பற்றி என் அனுபவம். பெயர் சொல்ல விரும்பவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒன்றரை லட்சம் கட்டினேன். அப்பா சுரண்டைச் சந்தையில் காய்கறி வியாபாரம். முதல் மூன்று மாதம் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், போட்டோஷாப். சொல்லிக் கொடுத்தவர் எனக்கு முந்தைய பேட்ச் மாணவர். நியூக் வரும்போது ஆசிரியர் இல்லை, வீடியோ போட்டுக் காட்டினார்கள். வேலை என்று அனுப்பியது ஒரு கால் சென்டருக்கு. கேட்டால், அதுவும் கம்ப்யூட்டர் வேலைதானே என்றார்கள்.

பிறகு சென்னையில் ஒரு சின்ன இடத்தில் ரோட்டோ வேலை கிடைத்தது. சேரும்போது ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருஷ பாண்டில் கையெழுத்து வாங்கினார்கள். ஆறு மாதம் சம்பளம் இழுத்தடித்தபோதும் வெளியே வர முடியவில்லை. தம்பி, யார் கேட்டாலும் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்காதே. ஜெராக்ஸ் கொடு, ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வா. பணத்தைத் திருப்பிச் சம்பாதித்துவிட்டேன். அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்த அந்த நாட்களை என்ன செய்ய.

பெருமாள்புரம் அக்கா:

படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது தம்பி. ஒரு மையத்தில் சேரத்தான் வேண்டும் என்றால் சேரும் முன் மூன்று பேரிடம் பேச வேண்டும்: போன வருஷம் அங்கே முடித்து இப்போது ஸ்டூடியோவில் இருப்பவர்கள். மையம் கொடுக்கும் நம்பர் வேண்டாம், நீங்களே தேடிப் பிடியுங்கள். மூன்று பேர் கிடைக்கவில்லை என்றால் சேர வேண்டாம்.

கல்லிடைத் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. எவ்வளவோ தெளிந்துவிட்டது. எனக்குக் காம்பாசிட்டிங் ஆசை, ரோட்டோவில் தொடங்கச் சம்மதம். இன்னும் மூன்று சந்தேகம். நியூக்குக்கு என்னிடம் காசு இல்லை, நண்பன் கிராக் தருகிறேன் என்கிறான், போடலாமா? ரோட்டோவை ஏஐ செய்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா? மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ இருக்கிறது, கங்கைகொண்டானில் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது, இந்த வேலை மட்டும் ஏன் நம் பக்கம் பெரிதாக வரவில்லை?

வடபழனி நெல்லையன்:

கிராக் வேண்டாம். நியூக்குக்கு நான்கமர்ஷியல் பதிப்பு இருக்கிறது, இலவசம். 1920க்கு 1080க்கு மேல் அவுட்புட் வராது, சில வசதி இருக்காது, காசுக்கு வேலை செய்யக் கூடாது. படிக்க அது தாராளம். ஹூடினிக்கும் அப்ரண்டிஸ் என்று இலவசப் பதிப்பு உண்டு, ரெண்டரில் முத்திரை விழும். இப்படி வாசலைத் திறந்து வைத்திருக்கும்போது பின்சுவர் ஏறுவது எதற்கு? கிராக்கோடு வைரஸ் வந்து ஒரு பையனின் ஆறு மாத வேலை மொத்தமாகப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

வள்ளியூர் பைப்லைன்:

மூன்றாவது கேள்விக்கு நான். ஜோஹோ செய்வது தன் சொந்தப் பொருள். விஎஃப்எக்ஸில் கையில் இருப்பது வெளிவராத அடுத்தவர் படம். ஹாலிவுட் வேலை என்றால் டிபிஎன் என்ற பாதுகாப்புத் தணிக்கை கேட்பார்கள். 2018இல் தொடங்கியது. ஆர்ட்டிஸ்ட் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கூடாது, போன் உள்ளே கூடாது, கதவுக்கு அட்டை, கேமரா, யார் எந்தக் கோப்பைத் தொட்டார் என்ற பதிவு. எட்டு இருக்கை யூனிட்டுக்கு அந்தச் செலவு கட்டாது.

அடுத்தது அளவு. 4096க்கு 2160 பிக்சல், நான்கு சேனல், 16 பிட் இஎக்ஸ்ஆர் கோப்பு. சுருக்காமல் ஒரு ஃபிரேம் சுமார் 71 எம்பி. நொடிக்கு 24 ஃபிரேம். ஐந்து நொடி ஷாட் எட்டரை ஜிபி. சுருக்கினாலும் பாதி இருக்கும். அது ஒரு பிளேட்டுக்கு மட்டும்தான். இப்படி நூறு ஷாட் தினமும் ஏறி இறங்க வேண்டும். இன்று ஃபைபர் இருக்கிறது, முன்பு போல முடியவே முடியாத காரியம் இல்லை. கங்கைகொண்டானில் ஒரு நல்ல ஸ்டூடியோ வந்தால் நான் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு மறுநாளே வருவேன்.

பெருமாள்புரம் அக்கா:

நானே சாட்சி. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த என் சர்வர் மூழ்கியது. ஒரு மலையாளப் படத்தின் 34 ஷாட்டை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். கரண்ட் இல்லை, நெட் இல்லை. முதல் நாள் மாலை ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாடிக்குத் தூக்கிப் போன பையனால் பிழைத்தோம். தண்ணீர் வடிந்ததும் அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, அங்கே ஒரு நண்பர் வீட்டிலிருந்து அப்லோட் செய்தான். வாடிக்கையாளர் மூன்று நாள் கூடுதலாகக் கொடுத்தார், கடவுள் புண்ணியம். அதிலிருந்து சர்வர் மாடியில்தான். ஆள் எடுக்கும்போதும் அந்த டிஸ்க்கைத் தூக்கியவன் மாதிரிப் பிள்ளைகளைத்தான் தேடுகிறேன்.

பேட்டை ரோட்டோ:

ஏஐ பற்றி என் பதில். பதினோரு வருஷம் ரோட்டோ, அதில் நாலு வருஷம் லீட். பெங்களூரில் ஓர் இடத்தில் இருந்தேன். 2024இல் எங்கள் ஃப்ளோரையே மூடினார்கள். ஆனால் அதற்கு ஏஐ காரணமில்லை. 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கோரிக்கை நியாயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. படப்பிடிப்பு நின்றால் ஒரு வருஷம் கழித்துப் பேட்டையில் பிறந்த எனக்கு ஷாட் வராது. அந்தச் சங்கிலியை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

இனி ஏஐ. பொய் சொல்ல மாட்டேன், வேலை குறைந்திருக்கிறது. மெட்டா 2023இல் படத்தில் உருவத்தைத் தானாகப் பிரிக்கும் செக்மென்ட் எனிதிங்கை விட்டது, அடுத்த வருஷமே வீடியோவுக்கு வந்தது. நியூக்கில் 2021 முதலே காப்பிகேட் இருக்கிறது. ஓரளவு செய்த ஃபிரேம்களைக் கொடுத்தால் மிச்சத்தைக் கற்றுக்கொண்டு செய்யும். முன்பு புதியவர்களுக்குக் கொடுத்த சுலபமான ஷாட்கள், தூரத்தில் நடக்கும் ஆள், கலர் கரெக்ஷனுக்கு மட்டும் வேண்டிய மேட், அதாவது பிரித்தெடுத்த உருவம், இவற்றை இப்போது மெஷின் செய்கிறது. நாங்கள் வேலை பழகியதே அந்த ஷாட்களில்தான். புதியவர்களுக்கு அந்தப் படி இல்லாமல் போகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

ஆனால் விரல்கள் பின்னிக்கொள்ளும் இடம், மழை, புகைக்குள் போகும் கை, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் முகம், இதிலெல்லாம் மெஷின் மேட்டின் விளிம்பு ஃபிரேமுக்கு ஃபிரேம் துடிக்கிறது. அதைச் சரிசெய்ய ரோட்டோ தெரிந்த ஆள்தான் வேண்டும். தம்பி, மெஷின் கொடுத்த மேட்டை எடுத்து, எங்கே தப்பு என்று கண்டுபிடித்து, ஷேப் போட்டுச் சரிசெய்யப் பழகு. கையால் முழுசாகப் போட்டவனுக்குத்தான் அந்தத் தப்பு கண்ணில் படும்.

நானும் இப்போது நியூக்கில் காம்ப் பழகிக்கொண்டிருக்கிறேன், முப்பத்தாறு வயதில்.

வடபழனி நெல்லையன்:

பேட்டைக்காரரே, நான் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். எங்கள் டீமில் ஒரு இடம் வரலாம்.

தம்பிக்கு இன்னொரு விஷயம். இந்தத் தொழிலில் பெரிய பெயர் பாதுகாப்பு ஆகாது. ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க ஸ்டூடியோ 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது, அதே மாதம் விஎஃப்எக்ஸுக்கான ஆஸ்கரையும் வாங்கியது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதே ஆறு மாதச் செலவைத் தனியாகச் சேர்த்து வை. அனுமதி வாங்கி உன் ஷாட்களின் பிரேக்டவுனை, அதாவது எப்படிச் செய்தாய் என்று படிப்படியாகக் காட்டும் பதிவைப் பத்திரப்படுத்து. வேலை போன பிறகு கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

பாளை மாணவி:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நான் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டெலிவரி நேரத்தில் இரவு முழுக்க வேலை இருக்கும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பெண்களுக்கு எப்படி?

பெருமாள்புரம் அக்கா:

இருக்கும் கண்ணு. நான் மறைக்க மாட்டேன். சென்னையில் விடிய விடிய இருந்த நாட்கள் உண்டு. சேரும் முன்பே மூன்றைக் கேள்: இரவு பத்துக்கு மேல் வண்டி ஏற்பாடு உண்டா, ஓவர்டைமுக்குக் காசா விடுமுறையா, டீமில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பார். என் யூனிட்டில் ஏழு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவேன். உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வா, நானே பேசுகிறேன்.

தென்காசிச் சாரல்:

தம்பி காம்ப் என்று முடிவு செய்துவிட்டான், அதனால் நியூக் பழகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் பிளெண்டரை அழித்துவிடாதே. கேமரா டிராக்கிங் 2011 கடைசியில் வந்த 2.61 பதிப்பிலிருந்தே அதில் இருக்கிறது. மேட்ச்மூவ் என்றால் என்ன என்று புரிய அதைவிடச் சுலபமான இடம் இல்லை. பயிற்சிக்கு பிளேட் இல்லை என்று இன்டர்நெட்டில் அலையாதே. போனில் நீயே எடு. ஒன்றே ஒன்று கவனி: சாதாரண போன் கேமரா ஃபிரேம் ரேட்டை அது இஷ்டத்துக்கு மாற்றும். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், அதில் நொடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் எல்லாம் பூட்டி வை. எடுத்ததை இமேஜ் சீக்வென்ஸாக, ஃபிரேமுக்கு ஒரு படமாக மாற்றிய பிறகு நியூக்குக்குக் கொண்டுபோ.

கல்லிடைத் தம்பி:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். பயிற்சி மையத்தில் சேரவில்லை. வளையல் அம்மா கையில்தான் இருக்கிறது.

மாடியில் அம்மா அப்பளம் காயப்போடுவதை எடுத்தேன். 96 ஃபிரேம். நியூக் நான்கமர்ஷியலில் ரோட்டோ. முதல் தடவை முழுசாகப் போட்டு ஆல்ஃபாவை ஓட விட்டேன், அக்கா சொன்ன துணி மூட்டைதான் உருண்டது. அழித்துவிட்டேன். இரண்டாம் தடவை விரலை எல்லாம் பிரித்தேன். மூன்றாம் தடவை கீ ஃபிரேமைப் பாதியாகக் குறைத்தேன். காற்றில் முந்தானை அடிக்கும் 52 முதல் 60 வரை எனக்கு வரவில்லை. துணி தன்மேலேயே மடிவதால் எந்தக் கோட்டைப் பின்தொடர்வது என்று தெரியவில்லை. இணைப்பு கீழே. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

பேட்டை ரோட்டோ:

பார்த்தேன். முன்கை நன்றாக இருக்கிறது. முந்தானைக்கு ஒரு ஷேப் போதாது தம்பி. முன்பக்கம் தெரியும் துணிக்கு ஒன்று, மடிந்து பின்பக்கம் தெரியும் துணிக்கு ஒன்று. மடிப்பு தொடங்கும் 52இல் இரண்டாவது ஷேப் பிறந்து 60இல் மறைய வேண்டும். ஒரே ஷேப்பை இழுத்து இரண்டு வேலையும் வாங்கப் பார்க்கிறாய், அதனால்தான் முறுக்குகிறது.

பெருமாள்புரம் அக்கா:

நானும் பார்த்தேன். 41இல் மோதிர விரலும் சுண்டு விரலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்பளத்தின் ஓரம் தனி ஷேப், அதை விரலோடு சேர்த்துவிட்டாய். முந்தானைக்குப் பேட்டைத் தம்பி சொன்னபடி செய். சரிசெய்து, ஸ்கிரிப்டையும் பிளேட்டையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை பத்து மணிக்குப் பெருமாள்புரம் வா. சர்டிபிகேட் ஜெராக்ஸ் போதும். என் டெஸ்ட் ஷாட்டை அன்றைக்கே தருகிறேன்.

கல்லிடைத் தம்பி:

இன்று ராத்திரியே உட்காருகிறேன் அக்கா. வேண்டுமானால் இன்னொரு தடவை அப்பளம் போட்டுக் காட்டவா என்று அம்மா கேட்கிறாள். வேண்டாம், இதே பிளேட்டில்தான் சரிசெய்யணும் என்று சொல்லியிருக்கிறேன்.